மக்காச்சோள மாவு: ரொட்டி விரியுது, களி கட்டி தட்டுது. கைப்பக்குவம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

உடுமலை மருமகள்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க மாமனார் மூணு ஏக்கர்ல மக்காச்சோளம் போடறாருங்க. நான் கல்யாணம் ஆகி வந்து பத்து வருசம் ஆச்சு, இதுவரைக்கும் அதுல ஒரு மணி எங்க அடுப்புக்கு வந்ததில்லை. கருது ஒடிச்சு, மிசின்ல அடிச்சு, களத்துல காயவெச்சு மூட்டை பிடிச்சா வியாபாரி வண்டி வந்துரும். நேரா நாமக்கல் பக்கம் கோழித்தீவனத்துக்கு. 2018ல படைப்புழு வந்து குருத்தெல்லாம் தின்னுட்டுப் போனப்போ மாமனார் ராத்திரி டார்ச் லைட்டோட காட்டுல நின்னதை நான் பார்த்திருக்கேன். அவ்வளவு பாடுபட்டு விளைய வெச்சதை வீட்டுல ஒரு வாய் சாப்பிட்டதில்லையேன்னு இந்த வருசம் அஞ்சு கிலோ எடுத்து வெச்சேன். பொடைச்சு, சொத்தையெல்லாம் பொறுக்கி மில்லுக்குக் கொண்டு போனேன். மில்லுக்காரர் ரெண்டு தடவை விட்டு அரைச்சுக் குடுத்தார். சலிச்சா நைஸ் மாவு மூணு கிலோ, ரவை ஒண்ணரைக் கிலோ, மிச்சம் தவிடு.

முதல் நாள் சப்பாத்திக்குப் பிசையற மாதிரியே பச்சைத்தண்ணி ஊத்திப் பிசைஞ்சேன். தேய்க்கும்போதே ஓரமெல்லாம் வெடிப்பு. தூக்கினா ரெண்டாப் போயிருச்சு. அடுத்த நாள் ராகிக்களி மாதிரி கொதிக்கிற தண்ணியில மாவைக் கொட்டிக் கிளறினேன். குண்டு குண்டா கட்டி, பிட்டுப் பார்த்தா உள்ளே காஞ்ச மாவு. மூணாம் நாள் ரவை உப்புமா, பத்து நிமிசத்துல இறக்கினேன், வாயில நறநறன்னு மணல் மாதிரி. மாமனார் ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டு எந்திரிச்சுப் போயிட்டார். அதுதானுங்க எனக்கு மனசு கேக்கல. இந்த மாவை எப்படித்தான் பழக்கறது?

கடைவீதிக்காரன்:

ஒரே ஒரு விஷயம், பின்னால் படிக்க வருபவர்களுக்காக. கடையில் 'கார்ன்ஃப்ளவர்' அல்லது 'சோள மாவு' என்று டப்பாவில் வருவது வேறு சரக்கு. அது மக்காச்சோளத்திலிருந்து பிரித்தெடுத்த வெறும் மாவுச்சத்து. சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும், விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தால் கிறீச் என்று சத்தம் வரும். சூப்பைக் கெட்டியாக்கவும், காலிஃபிளவர் பொரிக்கவும் அதுதான். இங்கே பேசுவது முழு மணியை அரைத்த மஞ்சள் மாவு. ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டால் இரண்டு சமையலும் கெடும். இன்னொன்று, நம் ஊரில் வெறும் 'சோளம்' என்றால் அது வெள்ளைச்சோளம், வேறு பயிர்.

வன்னிப் பொண்ணு:

கடைவீதி அண்ணை, எங்கட பக்கம் அது தலைகீழ். சோளம் எண்டால் எங்களுக்கு மஞ்சள் பொத்திச் சோளம்தான். நீங்கள் வெள்ளைச்சோளம் எண்டு சொல்லுறதை நாங்கள் இறுங்கு எண்டு சொல்லுவம். ஆனபடியால் ஈழத்து ஆக்கள் எழுதின குறிப்பைப் பாத்துச் சமைக்கிற ஆக்கள் கவனிச்சுக்கொள்ளுங்கோ.

லூதியானா அண்ணி:

உடுமலைத் தங்கச்சிக்கு, நான் தஞ்சாவூர்க்காரி, லூதியானாவுக்கு வந்து பதினோரு வருஷம். இங்கே குளிர் பிறந்தால் வீட்டுக்கு வீடு மக்கி ரொட்டிதான், அதாவது மக்காச்சோள ரொட்டி. நீங்கள் பட்ட பாடு அத்தனையும் நானும் பட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா என் கையைப் பிடித்துக் கற்றுக் கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன்.

கோதுமையில் இழுத்தால் நீளுகிற பசைப் புரதம் இருக்கிறது. மக்காச்சோளத்தில் அது கிடையாது. எவ்வளவு நேரம் பச்சைத்தண்ணீரில் பிசைந்தாலும் வராது. இதில் ஒட்டுவது மாவுச்சத்து மட்டும்தான், அதுவும் சூடு பட்டால்தான் ஒட்டும். கொழுக்கட்டைக்கு நாம் வெந்நீர் ஊற்றுகிறோமே, அதே கதை.

இரண்டு கப் நைஸ் மாவு, உப்பு, கொஞ்சம் ஓமம். தளதளவென்று கொதித்த தண்ணீர் ஒரு கப் ஊற்றிக் கரண்டிக் காம்பால் கலந்து ஐந்து நிமிஷம் மூடிவைக்க வேண்டும். பிறகு கை பொறுக்கும் சூட்டிலேயே பிசைய வேண்டும். மொத்தமாகப் பிசைந்து வைத்துவிட்டு டிவி பார்க்கப் போனால் காய்ந்து விரிந்துவிடும். ஒரு ரொட்டிக்கான மாவை மட்டும் எடுத்து, தாம்பாளத்தில் வைத்து, உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் முன்னால் தேய்த்துத் தேய்த்து இழுக்க வேண்டும். அந்தப் பெரியம்மா ஒரு உருண்டையை இருபது தடவையாவது தேய்ப்பார். முதலில் பொலபொலவென்று இருந்த மாவு மெல்ல மெல்ல வெண்ணெய் மாதிரி வழவழப்பாகும். கட்டைவிரலால் அழுத்தினால் ஓரம் வெடிக்காமல் பள்ளம் விழ வேண்டும். அதுதான் அடையாளம். வெடித்தால் விரலை வெந்நீரில் நனைத்து இன்னும் நாலு தேய்ப்பு.

பூரிக்கட்டை வேண்டாம். எண்ணெய் தடவிய பிளாஸ்டிக் தாளிலோ வாழையிலையிலோ வைத்துத் தட்டுங்கள். அடையை விடச் சற்றே மெலிசாக இருந்தால் போதும், சப்பாத்தி மெலிசுக்கு ஆசைப்படாதீர்கள். இலையோடு தூக்கி உள்ளங்கையில் கவிழ்த்துத் தோசைக்கல்லில் போட்டு, மிதமான தீயில் நிதானமாக வேகவிட வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் துருவிய முள்ளங்கியோ பொடியாக நறுக்கிய வெந்தயக்கீரையோ சேர்த்தால் அந்த ஈரத்தில் இன்னும் நன்றாகச் சேரும். இங்கே கடுகுக்கீரை மசியலும் வெண்ணெயும் வைத்துச் சாப்பிடுவார்கள். நம் வீட்டு அரைக்கீரைக் கடையலுக்கும் அருமையாகப் பொருந்துகிறது.

நைரோபிவாசி:

களி பற்றி நான் சொல்கிறேன். இங்கே அதற்கு உகாலி என்று பெயர், தினசரிச் சோறே அதுதான். பெரும்பாலும் வெள்ளை மக்காச்சோள மாவில்தான் செய்கிறார்கள். மாவைக் கொதிநீரில் மொத்தமாகக் கொட்டினால் வெளிப்பக்கம் உடனே வெந்து தோல் கட்டிக்கொள்ளும், தண்ணீர் உள்ளே போகாது. கட்டியை உடைத்தால் காய்ந்த மாவு இருந்ததற்குக் காரணம் அதுவே. கால் கப் மாவைப் பச்சைத்தண்ணீரில் கூழாகக் கரைத்து, கொதிக்கும் இரண்டு கப் தண்ணீரில் ஊற்றிக் கஞ்சி பதத்துக்கு வரவிடுங்கள். அது பொங்கிக் குமிழிவிட்ட பிறகு மீதி ஒன்றேகால் கப் மாவைப் பிடிபிடியாகத் தூவிக் கிளறுங்கள். இறுகிய பிறகு மரக்கரண்டியால் பாத்திரத்தின் சுவரோடு சேர்த்து அழுத்தித் திருப்புங்கள். கட்டி இருந்தால் அதிலேயே நசுங்கும். கடைசியில் தீயைக் குறைத்து மூடி ஐந்தாறு நிமிஷம். வறுத்த சோளப்பொரி வாசனை வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை பச்சை வாடைதான்.

இதைவிட முக்கியமான இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2004ல் கிழக்குக் கென்யாவில் ஈரம் காயாமல் வீட்டில் சேமித்த மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்து, அந்த அஃப்ளடாக்சின் நஞ்சால் 317 பேர் நோயில் விழுந்தார்கள், 125 பேர் இறந்தார்கள். சமைத்தால் அந்த நஞ்சு போகாது. ஆகவே உடுமலைச் சகோதரி, தீவனத்துக்கு என்று கட்டிய மூட்டையில் மழை நனைந்தது, பச்சையோ கறுப்போ பூத்தது ஏதாவது இருந்தால் அந்த மூட்டையையே தொடாதீர்கள். பொறுக்கிவிட்டு மீதியை அரைப்பதும் கூடாது. விதைக்கு மருந்து பூசிச் சிவப்புச் சாயம் ஏற்றிய மணியும் சமையலுக்குப் பக்கத்தில்கூட வரக் கூடாது.

உடுமலை மருமகள்:

நல்ல வேளை சொன்னீங்க அண்ணா. நான் எடுத்தது நாலு நாள் வெயில்ல காஞ்ச மணி, பல்லுல கடிச்சா டக்குனு உடைஞ்சுது. இருந்தாலும் அடுத்த தடவை நனையாத மூட்டையான்னு மாமனார்கிட்டக் கேட்டுட்டுத்தான் எடுப்பேன்.

கரிசல்காடு:

எல்லாரும் ஆர்வமாப் பேசுறதைக் கெடுக்கறதா நினைக்காதீங்க. எனக்கு இந்த இழையைப் படிக்க வருத்தமா இருக்கு. எங்க ஊர் கோவில்பட்டிப் பக்கம். எங்க தாத்தா காலத்துல இந்தக் கரிசல்ல கம்பும் வெள்ளைச்சோளமும் குதிரைவாலியும் நின்னுச்சு. இன்னிக்கு ரோட்டுல நின்னு பார்த்தா கண்ணுக்கு எட்டுன மட்டும் மக்காச்சோளம். விலை கிடைக்குது, சம்சாரி போடுறான், அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா வயல்ல இருந்து கம்பை விரட்டின பயிர், இப்போ தட்டுல இருந்தும் விரட்டணுமா? கம்மங்கூழும் சோளச்சோறும் செய்யத் தெரிஞ்ச கடைசித் தலைமுறை எங்க அம்மாவோட முடியப்போகுது. அதைக் கத்துக்க ஒரு இழை போடுங்க, நான் முதல் ஆளா வந்து எழுதுறேன்.

பெர்கமோ மாணவன்:

கரிசல்காடு அண்ணாச்சி சொன்னதைப் படித்ததும் கை பரபரக்கிறது. நான் இருப்பது வட இத்தாலி. இங்கே பொலென்டா என்று மக்காச்சோள ரவையில் ஒரு களி. தெற்கத்திக்காரர்கள் வடக்கத்திக்காரர்களைப் 'பொலென்டா தின்னிகள்' என்றே கேலி பேசுவார்கள். அந்த அளவுக்கு அது இந்த மண்ணின் சாப்பாடு. ஆனால் மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்த பயிர். அதற்கு முன்னால் இவர்கள் இதே பொலென்டாவைப் பனிவரகிலும் வேறு தானியங்களிலும் கிண்டினார்கள். புதுப் பயிர் அதிக மகசூல் கொடுத்தது, பழைய தானியம் ஒதுங்கியது, ஏழைக் குடியானவனுக்கு மூன்று வேளையும் மக்காச்சோளக் களி மட்டுமே என்று ஆனது.

பிறகு நோய் வந்தது. வெயில் படுகிற இடமெல்லாம் தோல் கறுத்துச் சொரசொரப்பாகும், வயிற்றுப்போக்கு, கடைசியில் புத்தி தடுமாற்றம். 1771ல் மிலானைச் சேர்ந்த பிரான்செஸ்கோ பிரப்போல்லி என்ற மருத்துவர் அதைப் 'பெல்லாக்ரா' என்று எழுதினார், சொரசொரத் தோல் என்று பொருள். அண்ணாச்சியின் பயம் வீண் பயம் இல்லை. ஒரு தானியம் மற்ற எல்லாவற்றையும் விரட்டினால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் அனுபவித்துப் பார்த்திருக்கிறது.

ரவைக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒரு கப் ரவைக்கு நாலு கப் தண்ணீர், உப்பு. தண்ணீர் கொதிக்கும்போது இடக்கைப் பிடியிலிருந்து மழைத்தூறல் மாதிரி ரவையை விட்டுக்கொண்டே வலக்கையால் கிளற வேண்டும். பிறகு சின்னத் தீயில் நாற்பது, நாற்பத்தைந்து நிமிஷம். பத்து நிமிஷத்தில் இறக்கினால் மணல்தான். சீக்கிரம் முடிக்க நான் குக்கரில் வைக்கிறேன். ஆனால் நேரே குக்கரில் போட்டால் ரவை அடியில் தங்கிப் பிடித்துவிடும். முதலில் அடுப்பில் கிளறி, கெட்டியாக ஆரம்பித்ததும் பாத்திரத்தோடு குக்கருக்குள் வைத்து மூடி இருபது நிமிஷம்.

தட்டும் தராசும்:

நான் உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். பெர்கமோ தம்பி விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். பெல்லாக்ராவுக்குக் காரணம் நியாசின் என்ற வைட்டமின் போதாமை. மக்காச்சோளத்தில் நியாசின் இருக்கிறது, ஆனால் பெரும்பகுதி நம் குடல் பிரித்தெடுக்க முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. உடம்பு அதைத் தானே தயாரித்துக்கொள்ளத் தேவையான டிரிப்டோபான் என்ற அமினோ அமிலமும் இந்தத் தானியத்தில் குறைவு. 1914 முதல் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் இதை ஆராய்ந்தார். இது தொற்று இல்லை, சாப்பாட்டுக் குறை என்று காட்டினார். நியாசின்தான் அந்தக் குறை என்று 1937ல் உறுதியானது.

வியப்பு என்னவென்றால், இந்தப் பயிரை உலகுக்குக் கொடுத்த மெக்சிகோ மக்களுக்கு அந்த நோய் பெரிதாக வந்ததில்லை. அவர்கள் மணியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டுக் கழுவிய பிறகே அரைக்கிறார்கள். நியாசினைப் பிடித்துவைத்திருக்கும் கட்டைச் சுண்ணாம்பு அவிழ்த்துவிடுகிறது. மேல்தோலும் கழன்று வருகிறது, மாவு பச்சைத்தண்ணீரிலேயே பிடிபடுகிறது, கால்சியமும் கூடுகிறது. மணிதான் பயணம் போனது, அந்தச் சுண்ணாம்புப் பக்குவம் கப்பலில் ஏறவில்லை.

வீட்டில் செய்ய விரும்பினால், ஒரு கிலோ முழு மணிக்குச் சாப்பிடத் தகுந்த நீற்றின சுண்ணாம்பு பத்து கிராம், தண்ணீர் மூன்று லிட்டர். எவர்சில்வர் பாத்திரம்தான், அலுமினியம் கூடாது. தோல் விரலில் வழுக்கிக் கழலும்வரை முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, மூடி இரவு முழுக்க வைத்து, மறுநாள் நாலைந்து தண்ணீரில் தேய்த்துக் கழுவி ஈர கிரைண்டரில் கெட்டியாக அரைக்கலாம்.

அரைத்த மாவில் யாரும் சுண்ணாம்பைக் கலந்துவிடாதீர்கள். இது மணியை ஊறவைத்துக் கழுவி எறியும் வேலை. வாரம் இரண்டு நாள் ரொட்டி சாப்பிடும் வீட்டுக்கு இது கட்டாயமும் இல்லை. பக்கத்தில் பருப்பும் கீரையும் மோரும் இருந்தாலே போதும். டிரிப்டோபான் குறையைப் பருப்பும் மோரும் பார்த்துக்கொள்ளும்.

தாராபுரத்தான்:

மேடம், எங்க அப்பாவுக்குச் சர்க்கரை. மக்காச்சோள ரொட்டி கணக்கில்லாம சாப்பிடலாம்னு ஒரு வீடியோல சொல்றாங்க, சரியா?

தட்டும் தராசும்:

சரியில்லை. இதுவும் மாவுச்சத்துதான். ரொட்டி ஒன்றோ இரண்டோ, நிறையக் கீரையும் பருப்பும் என்று வையுங்கள். கூழாகக் குழைய வேகவைத்துக் குடித்தால் சர்க்கரை இன்னும் வேகமாக ஏறும். அரிசிக்கு என்ன கட்டுப்பாடோ அதேதான் இதற்கும்.

ஓய்வு பெற்ற வாத்தியார்:

இத்தனை நேரம் படித்துக்கொண்டே இருந்தேன். என் வயதுக்காரர்களுக்கு மக்காச்சோள மாவு புதிது இல்லை. 1968ல் நான் மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கு மூட்டை மூட்டையாக மஞ்சள் மாவு வரும். மூட்டை மேல் இரண்டு கைகள் குலுக்குகிற படம் இருக்கும். அமெரிக்காவில் 1954ல் போட்ட பி.எல். 480 என்ற உணவு உதவிச் சட்டத்தின்கீழ் வந்த தானியம், 'கேர்' என்ற தொண்டு நிறுவனம் வழியாக மதிய உணவுக்குக் கிடைத்தது என்பதெல்லாம் நான் வாத்தியாரான பிறகு தெரிந்துகொண்டது. அன்று எங்களுக்கு அது 'மஞ்ச உப்புமா'.

ஆயா பெரிய அண்டாவில் கிண்டுவார். கடுகும் வெங்காயமும் தாளிக்கிற வாசம் வகுப்புக்குள் வரும்போதே வாய்ப்பாடு மறந்துபோகும். தட்டு இல்லாதவர்களுக்குப் பூவரச இலை. சூடு தாங்காமல் இலையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே மர நிழலுக்கு ஓடுவோம். என் தம்பி இன்னும் பள்ளியில் சேராத வயசு, மதில் சுவருக்கு வெளியே நிற்பான். என் பங்கில் பாதியை இலையோடு மடித்து அவனுக்குக் கொடுப்பேன். அந்த மாவுக்கு ஒரு லேசான இனிப்பு உண்டு. கரிசல்காட்டுத் தம்பிக்குச் சொல்கிறேன், உங்கள் கோபம் நியாயமான கோபம். கம்பு போகக் கூடாது. ஆனால் பசித்த பிள்ளைக்குச் சோறாக வந்த தானியத்தை வெறும் கோழித்தீவனம் என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது.

கரிசல்காடு:

ஐயா, நான் அப்படிச் சொல்ல வரலை. உங்க எழுத்தைப் படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழ வச்சுட்டேன். உடுமலை அக்கா, ஒண்ணு சொல்றேன், முடிஞ்சாச் செஞ்சு பாருங்க. களிக்கு மக்காச்சோள மாவு பாதி, கம்பு மாவு பாதி. எங்க அம்மா சோளத்தையும் கம்பையும் அப்படித்தான் கலப்பாக. ரெண்டும் ஒரே தட்டுல இருக்கட்டும்.

வன்னிப் பொண்ணு:

வாத்தியார் ஐயா எழுதினதைப் பாக்க எனக்குத் திரிபோஷா ஞாபகம் வந்திட்டுது. சோளமும் சோயாவும் பால்மாவும் கலந்த மா, கிளினிக்கிலை கர்ப்பிணித் தாய்மாருக்கும் நிறை குறைஞ்ச பிள்ளையளுக்கும் குடுப்பினம். அம்மா அதுக்குள்ளை தேங்காய்ப்பூவும் (துருவின தேங்காய்) சீனியும் போட்டு, சுடுதண்ணி தெளிச்சு உருண்டை பிடிச்சுத் தருவா. தங்கச்சிக்கு எண்டு வந்ததை நான்தான் கூடத் திண்டது.

அக்கா, உங்கட மாவிலை புட்டும் அவிக்கலாம். மாவை முதல் வாசம் வரமட்டும் வறுக்க வேணும், அதை விடக் கூடாது. பிறகு இளஞ்சூட்டுத் தண்ணி தெளிச்சுக் குழைச்சு, பத்து நிமிசம் ஊற விட்டு, தேங்காய்ப்பூ கலந்து நீத்துப்பெட்டியிலை (புட்டு அவிக்கிற ஓலைப்பெட்டி) அவியுங்கோ. ஊற விடாட்டில் தொண்டையிலை அடைக்கும்.

லூதியானா அண்ணி:

மாவைச் சேர்த்து வைப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. வீட்டு மில்லில் அரைத்தது முளைக்கருவோடு சேர்ந்து அரைபட்ட மாவு. அதில் எண்ணெய் இருக்கிறது. வெளியில் வைத்தால் சில வாரங்களில் சிக்கு வாடை அடித்து நாக்கில் கசப்புத் தட்டும். கடைப் பாக்கெட்டில் பல சரக்குகள் கரு நீக்கியவை என்பதால் மாதக்கணக்கில் நிற்கும். உங்களுடையதை இறுக மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். மணியாகக் காய்ந்து இருந்தால் அவ்வளவு சீக்கிரம் கெடாது. ஆகவே அடுத்த முறை இரண்டு கிலோவுக்கு மேல் அரைக்க வேண்டாம்.

உடுமலை மருமகள்:

பத்து நாள் கழிச்சு வந்து எழுதறேனுங்க. அண்ணி சொன்ன மாதிரி வெந்நீர் ஊத்தி, ஒவ்வொரு உருண்டையா தேய்ச்சேன். முதல் ரெண்டும் ஓரம் வெடிச்சுது. மூணாவதுல கட்டைவிரல் வெச்சா அந்தப் பள்ளம் விழுந்துச்சு, சத்தியமா அந்த நிமிசம் கையே சொல்லிருச்சு. வாழையிலையில தட்டிப் போட்டேன், முழுசா வந்துச்சு. அதுக்கு முருங்கைக்கீரையும் பாசிப்பருப்பும் கடைஞ்சேன்.

இன்னிக்கு கரிசல்காட்டுத் தம்பி சொன்ன பாதிக்குப் பாதிக் களி, நைரோபி அண்ணா முறையில. கட்டியே இல்லை. கம்பு சேர்ந்ததுல நிறம் சாம்பலும் மஞ்சளுமா இருந்துச்சு. மாமனார் நடுவுல குழி பண்ணிக் கொள்ளுப்பருப்பை ஊத்திட்டு, ஒரு வாய் தின்னுட்டு, 'இது நம்ம மேக்காட்டுச் சோளமா, கெணத்துமேட்டுச் சோளமா'ன்னு கேட்டார். மேக்காடுதானுங்கன்னேன். 'அதுதான் இனிப்பு நிக்குது, அந்த மண்ணு அப்படி'ன்னு சொல்லிட்டு இன்னொரு உருண்டை வாங்கிக்கிட்டார். அத்தை பக்கத்துல நின்னு பார்த்துட்டே இருந்தாங்க.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. களி ரெண்டு உருண்டை மிஞ்சிருச்சு, ராத்திரி தண்ணி ஊத்தி வைக்கலாமுங்களா, இல்லை வேற ஏதாவது பண்ணலாமா?

பெர்கமோ மாணவன்:

தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் மோரில் கரைத்துக் குடிக்கலாம், கம்பு கலந்ததால் நன்றாகவே இருக்கும். இங்கே செய்வது இன்னொரு விதம். சூடாக இருக்கும்போதே எண்ணெய் தடவிய தட்டில் விரல் கனத்துக்குப் பரப்பி ஆறவிடுவார்கள். காலையில் கத்தியால் சதுரமாக வெட்டி, தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் நிறம் மாறும்வரை அசைக்காமல் விட வேண்டும். அவசரப்பட்டுத் திருப்பினால் கல்லிலேயே ஒட்டிக்கொள்ளும். மேலே மொறுமொறு, உள்ளே மெத்து. தக்காளிச் சட்னி இருந்தால் போதும்.

உடுமலை மருமகள்:

தட்டுல பரப்பிட்டேனுங்க. காலையில பண்ணிட்டு எழுதறேன்.